பாதி மாத்திரை

அன்புள்ள என் வாயாடிப் பெண்டாட்டிக்கு,

நானும் உன் அப்பாவும் நலம். போனில் பேசினால் அவர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு நீ வெளியூர் போன பிறகு சோப்பு, பற்பசை, துணி துவைக்கிற பவுடர் எல்லாவற்றையும் பேர் போன கம்பெனியிலிருந்து, கடைக்காரரே பொட்டலம் கட்டி விற்கிற சரக்குக்கு மாற்றிவிட்டேன். அழுக்குக்குக் கம்பெனி பேரா தெரியும்? நன்றாகவே போகிறது. உன் அப்பாதான் சோப்பை முகர்ந்து பார்த்து, விளம்பரத்தில் வராததெல்லாம் ஒரு சோப்பா என்றார். நாற்பது வருஷம் தையல் மெஷினில் ஒரே கம்பெனி ஊசியைப் போட்டவராயிற்றே.

நீ அவருக்கென்று அனுப்புகிற பணத்தில் ரத்த அழுத்த மாத்திரையை அவரேதான் வாங்கிக்கொள்வார். இந்த மாதம் அவருக்கு முழங்கால் வலி, அதனால் நான் போனேன். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. டாக்டரிடம் ஓடினேன். மருந்து ஒன்றேதான், அட்டையில் பேர்தான் வேறு, கால்வாசி விலையில் கிடைப்பதையே கொடுங்கள் என்றார். வாங்கிப் பிரித்து, அவருடைய பழைய டப்பாவில் கொட்டிவைத்தேன். அவரிடம் மூச்சு விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று நினைப்பு எனக்கு.

நாலாம் நாள் அவரே வந்தார். "மாப்ள, இந்தத் தடவ மாத்திர சரியில்ல. ஒடச்சா தூளாப் போகுது."

ஏன் உடைக்கிறீர்கள் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பழைய மாத்திரையில் நடுவே கோடு உண்டு, அழுத்தினால் சரிபாதியாகும். இதில் கோடு இல்லை. நீ போன நாளிலிருந்து எட்டு மாதமாக மனிதர் பாதிதான் விழுங்கியிருக்கிறார்.

"எம்பொண்ணு யார் யாரையோ தூக்கிக் குளிப்பாட்டி அனுப்புற காசு மாப்ள. அத எப்படி முழுசா முழுங்குறது?"

அழுத்தம் குறையவில்லை என்று டாக்டர் சொன்னபோதெல்லாம், திருட்டுத்தனமாக ஊறுகாய் தின்கிறீர்களா என்று அவரை நான் வறுத்தெடுத்தேனே! அத்தனையும் பொறுத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்காமல் சொல்கிறேன். நானும் என் களவை ஒப்புக்கொண்டேன். கள்ளன் பெரிசா காப்பான் பெரிசா என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். இப்போது தினமும் என் கண்ணெதிரே ஒரு முழு மாத்திரை போகிறது. நேற்று பார்த்ததில் அழுத்தம் இறங்கியிருக்கிறது. பயப்படாதே.

பயம் எனக்குத்தான். ஒரு கொசு கடித்ததைக்கூட அரை மணி நேரம் சொல்கிறவள் நீ. சாப்பிட்டாயா என்றால் மட்டும் "ஆச்சு" என்கிறாய், உடனே பேச்சை மாற்றுகிறாய். இத்தனை நாள் அதை நான் கவனிக்கவில்லை. நீ அவர் பெற்ற மகள். அங்கே எதைப் பாதியாக்குகிறாய்? மதியச் சாப்பாட்டையா, தூக்கத்தையா?

நான் கோபப்பட மாட்டேன். அடுத்த மாதம் பணம் குறைத்தே அனுப்பு, இங்கே சமாளித்துக்கொள்வோம். "ஆச்சு" என்று எழுதாதே. என்ன சாப்பிட்டாய், எவ்வளவு சாப்பிட்டாய் என்று எழுது. நீ எனக்கு முழுசாகத் திரும்பி வரவேண்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
வீட்டுக்காரன்