டயரில் ஒட்டிய விதை

அன்புள்ள அம்மாவுக்கு,

கராடியிலிருந்து வைஷு. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அப்பாவுக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறதா? போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

புது ஸ்கூட்டி வந்துவிட்டது. "எலுமிச்சம்பழத்து மேல ஏத்தாம வண்டிய எடுத்துராத" என்று நீ சொல்லியிருந்தாய். எனக்குக் கடைக்குப் போகச் சோம்பல். என்னோடு தங்கியிருக்கும் மேகாலயாப் பெண் சில்மேயின் அலமாரியில் வாடிப்போன குட்டி ஆரஞ்சு ஒன்று கிடந்தது. அதை எடுத்துப் போய் முன்சக்கரத்தில் வைத்து நசுக்கிவிட்டேன்.

சாயங்காலம் அதைத் தேடினாள். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் மலைக்காட்டில் தானாக வளரும் காட்டு ஆரஞ்சாம் அது. இறந்தவர் உடலருகே வைப்பார்களாம். போன மாதம் அவள் அப்பா இறந்தபோது லீவு கிடைக்காமல் அவளால் போக முடியவில்லை. அவர் அருகே வைத்ததில் ஒன்றைத் தம்பி அனுப்பியிருக்கிறான்.

அவள் திட்டவேயில்லை. கீழே வந்து, டயரில் ஒட்டியிருந்த விதையை நகத்தால் நெம்பி எடுத்தாள். தொட்டியில் வைத்தால் முளைக்குமா என்று கேட்டேன். அந்தக் காட்டு ஈரத்தில்தான் வரும் என்றாள். ஆனாலும் விதையைக் கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் அனுப்பு, ஒன்று அவளுக்கு. கூடவே அப்பாவின் பழைய சட்டை ஒன்றும் வை, வண்டி துடைக்கத்தான். துவைக்காமலே அனுப்பு.

வைஷு