போர்டில் சிவப்பு மை

கும்மிடிப்பூண்டி
4.8.2025

அன்புள்ள தங்கச்சி காயத்ரிக்கு,

சூப்பர்வைசர் எபினேசர் எழுதுவது. தேவ கிருபையால் வீட்டில் எல்லாரும் நலம், ஃபேக்டரிதான் நலமில்லை. நீ போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால் தாளில் எழுதுகிறேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வேலை சுலபமாகுமா என்று பார்க்க இருபது நிமிடம் மெஷினை நிறுத்தினாய். அதற்காக, தப்பு செய்தவர்கள் பெயரை எழுதும் போர்டில் உன் பெயரைச் சிவப்பு மையால் எழுதினேன். அந்த வாரமே நீ வேலையை விட்டாய். பிறகு எட்டு மாதம் போர்டில் ஒரு சிவப்புகூட இல்லை. லைன் திருந்திவிட்டது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். போன வாரம் ஒரு லாரி நிறைய நம் பம்புகள் திரும்பி வந்தன. பாதிப் பம்புகளில் ரப்பர் ரிங் தலைகீழ். லைனில் எல்லாருக்கும் இது முன்பே தெரியுமாம்.

இந்த மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் ஆர்டர் போகும், முப்பது பேர் வேலையும் போகும். திரும்பி வா. லைன் லீடர் வேலை உனக்குத்தான்.

அன்புடன்,
எபினேசர்

சோழவரம்
11.8.2025

மதிப்பிற்குரிய சாருக்கு,

வணக்கம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு சோழவரம் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தவள் நான்.

நான் வருவது இருக்கட்டும். யோசனை சொல்லுங்கள் என்று கூட்டம் போடாதீர்கள், ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். போர்டில் உங்கள் பெயரைச் சிவப்பில் எழுதி, செய்த தப்பையும் எழுதுங்கள். பிறகு காலை மீட்டிங்கில் பேசாமல் நில்லுங்கள். உங்களுக்கு அதுதான் கஷ்டம்.

இப்படிக்கு,
காயத்ரி

கும்மிடிப்பூண்டி
6.9.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

எழுதினேன். ‘எபினேசர். யோசித்தவளைத் தண்டித்தது.’ முதலாளி முகம் சுளித்தார், நான் அழிக்கவில்லை. மூன்று நாள் மீட்டிங்கில் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான்காம் நாள் ரிங் மாட்டும் செல்வி வாய் திறந்தாள்.

"சார், ரிங்கு வெக்கிற தட்டுல ஒரு முளை அடிச்சா அது தலைகீழா உக்காராது. நாங்க இத எப்பவோ பேசிக்கினு இருந்தோம். உங்களாண்ட யாரு வந்து சொல்றது?"

முதல் முளை உடைந்தது, நாற்பது நிமிடம் போயிற்று. ஆனாலும் அந்த நாற்பது நிமிடத்தை போர்டில் என் பெயரில் எழுதிவிட்டு, அடுத்து என்ன செய்து பார்க்கலாம் என்று மட்டும் கேட்டேன். மறுநாள் நாலு பேர் யோசனையோடு வந்தார்கள். பத்து நாளாக ஒரு ரிங்கும் தலைகீழாகப் போகவில்லை. ஆர்டர் நம்மிடமே இருக்கிறது.

15ஆம் தேதி திங்கட்கிழமை வந்து சேர். லீடர் இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
எபினேசர்

சோழவரம்
10.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ரெண்டு தடவை படித்தேன். நீங்கள் தப்பை ஒத்துக்கொண்டதே எனக்குப் பெரிசு. லீடர் வேலை நான் ஆசைப்பட்டதுதான், பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் செல்விக்கு என்ன கொடுத்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் தேடினேன். ஒன்றும் இல்லை அண்ணா. எல்லார் எதிரிலும் துணிந்து பேசியவள் அவள். அவளை விட்டுவிட்டு, வெளியே போன என்னைக் கூப்பிட்டு மேலே உட்காரவைத்தால், நாளைக்கு இன்னொருத்தி எதற்கு வாய் திறப்பாள்? அந்த இடத்தை அவளுக்குக் கொடுங்கள்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், புது கம்பெனியில் என் பேச்சு எடுபடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ரோசம்மாள் அண்ணியைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அதற்குள் செல்வி கையில் லீடர் வேலைக்கான உத்தரவு இருக்க வேண்டும். இல்லையென்றால் வாசலோடு திரும்பிவிடுவேன்.

உங்கள் தங்கச்சி,
காயத்ரி