அண்ணாந்து பார்த்த சாட்சி

அன்புத் தங்கைக்கு,

பேரரசர் நல்லவர்தானா என்று கேட்டிருந்தாய். அவர் இப்போது தெய்வம். அவர் உயிர் வானேறியதைக் கண்டதாக ரோம் மன்றத்தில் சத்தியம் செய்தவன் நான்தான்.

ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார், பஞ்சத்தில் கோதுமை கொடுத்தார். அதையெல்லாம் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். உயிரை வானுக்குச் சுமந்து செல்லும் என்று, வழக்கப்படி அவர் சிதையிலிருந்து கழுகைப் பறக்கவிட்டார்கள். அது புகையில் திணறிக் கீழே விழுந்ததைத்தான் பார்த்தேன்.

"விழுந்தா என்னய்யா? மேல போச்சுன்னு சொல்லிட்டு வா, பசிக்குது" என்றார் பக்கத்தில் நின்ற மன்ற உறுப்பினர் விபிடியஸ்.

சொல்லிவிட்டேன். தன் வழுக்கையைக் கிண்டல் செய்தான் என்று பேரரசர் உன் மகனைத் தீவுக்குத் துரத்திய விருந்திலும் நான் இருந்தேன். அன்று மட்டும் வாய் திறக்கவில்லை.

தீவிலேயே செத்துப்போன அவனை எரித்தபோது அண்ணாந்து பார்க்க ஒருவருமில்லையே, அம்மா.

உன் அண்ணன்