கறிவேப்பிலைக்கு ஒரு ஜாக்கெட்

டுசல்டோர்ஃப், ஜேர்மனி, பங்குனி

அன்புள்ள அம்மாவுக்கு,

பெரியம்மாவின் கால் முறிவு ஆறிவருகிறதா? ஊரில் அவரைப் பராமரிக்கிற அவசரத்தில் நீங்கள் சாப்பிடாமல் இருக்காதீர்கள். நாங்கள் சுகம். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நிற்பதால் இதை எழுதுகிறேன்.

பென்ஷன் எடுத்த பிறகும் அப்பா விடியுமுன்னே எழும்பி, பேக்கரி வேலைக்குப் போட்ட ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். பிறகு கழற்றிவிட்டுத் தேநீர் போடுகிறார். குளிர்காலத்தில் படிகளில் பனியாவது வழித்தார். இப்போது அதுவும் இல்லை.

பதறாதீர்கள். முதல் வெயில் வந்ததும் உங்கள் கறிவேப்பிலைச் சட்டியைத் தூக்கி பல்கனியில் வைத்துவிட்டார்.

"வெயில் காயட்டும், பிள்ளை" என்றார்.

அன்றிரவே உறைபனி. இலையெல்லாம் கறுத்து உதிர்ந்துவிட்டது.

"கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."

"அம்மா வந்து கேட்டால்?"

"அதுக்குள்ள தளிர்க்கும். இல்லாட்டி நான் திரும்ப வேலைக்குப் போறன்!"

சட்டி இப்போது வீட்டுக்குள் இருக்கிறது. பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறது. தண்ணீர் குறைவாக ஊற்ற வேண்டுமென்று நூலகப் புத்தகத்தில் வாசித்தேன். அப்பாவோ செம்பும் கையுமாகத் திரிகிறார்.

ஒரு சுண்டு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர்? சோறு தினமும் குழைகிறது. மிளகாய்த்தூள் கொண்டுவாருங்கள். டிக்கெட் போட்டாச்சா?

பள்ளிக்கு நேரமாகிறது. ஒன்றை மறந்துவிட்டேன். சட்டிக்குக் குளிருமென்று நேற்று அப்பா தன் ஜாக்கெட்டைச் சுற்றிக் கட்டினார். இன்று விடிய அவர் வாசலுக்குப் போகவில்லை. செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் மகள்,
ஆரபி