மருந்துக்கடை அக்கா கொடுத்த சீட்டு

அன்புள்ள மருந்துக்கடை அக்காவுக்கு,

வணக்கம். புது ஊரும் புதுக் கடையும் உங்களுக்குப் பிடித்துப்போயிருக்கும் என்று நம்புகிறேன். என்னை நினைவிருக்கிறதா? வாங்கிய மருந்தைப் பைக்குள் போடாமல், கல்லா ஓரமாக நின்று அட்டையில் உள்ள எழுத்தையெல்லாம் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண். "பொட்டலப் பண்டிதை வந்தாச்சு, வழி விடுங்க" என்று கேலி செய்வீர்களே, அவள்தான். பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் செய்பவரின் மகள் என்றால் உடனே நினைவு வந்துவிடும். அதை எழுதத்தான் தயக்கமாக இருந்தது.

உங்கள் முகவரியைக் கடை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். அன்றைக்கு அப்பா போட்ட சத்தத்தால்தான் உங்களை வேறு கிளைக்கு மாற்றினாரா என்றும் கேட்டேன். "சேச்சே, அதெல்லாம் இல்லம்மா" என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, பில் புத்தகத்தைப் பார்த்தார்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் வறட்டு இருமல் போய்விட்டது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். நடந்ததை நீங்கள் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அதில் என் தவறும் இருக்கிறது.

ஒரே வாரத்தில் மூன்றாவது பெட்டி தொண்டை மாத்திரை கேட்டு அப்பா என்னோடு வந்த அன்று நீங்கள் கொடுக்க மாட்டேன் என்றீர்கள். எத்தனை நாளாக இருமல், ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டீர்கள். "மிட்டாய் வாங்க வந்தா ஜாதகம் கேக்குறியேம்மா!" என்றார் அப்பா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்காமல், "இது மிட்டாய் இல்ல சார், மருந்து. வாயில போட்டா கடிக்காம, பேசாம, நிமிர்ந்து உக்காந்து கரைய விடணும். ஒரு வாரம் தாண்டின இருமலுக்கு டாக்டரைப் பாக்கணும்" என்றீர்கள். "பேசாம இருந்தா எனக்கு எவன் சம்பளம் குடுப்பான்?" என்று அப்பா கத்தினார். முதலாளியிடம் போய், "இங்க வியாபாரம் பண்றீங்களா, விசாரணை பண்றீங்களா?" என்றார். அவ்வளவு பேர் முன்னால் முதலாளி உங்களைத் திட்டியதையும், நீங்கள் தலைகுனிந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டதையும் நான் பார்த்தேன். அப்படி இருந்தும், நாங்கள் படியிறங்கும்போது என் கையில் ஒரு சீட்டைத் திணித்தீர்கள். அதை என் வரலாற்றுப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

அப்பா கெட்டவர் இல்லை, அக்கா. அந்த நாட்களில் அவர் மிகவும் பயந்துபோயிருந்தார். மைக்கில் இருமுவது நிலையம் முழுக்கக் கேட்கும். "இருமல் எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் அண்ணே?" என்று கண்டக்டர்கள் கிண்டல் செய்தார்கள். நிலைய அதிகாரி பதிவுக் குரல் இயந்திரம் ஒன்றை வரவழைத்துவிட்டார். ஒரு மாதம் பார்ப்பேன், அதற்குள் குரல் சரியாகாவிட்டால் அப்பாவைச் சாமான் அறை வேலைக்கு அனுப்பிவிட்டு இயந்திரத்தைப் பேசவைப்பேன் என்று சொல்லியிருந்தார். மாத்திரை வாயில் இருந்தால் தொண்டை மரத்துப்போகும், கொஞ்ச நேரம் இருமல் வராது. அதனால் ஒன்று கரைவதற்குள் அடுத்ததைப் போட்டுக்கொண்டார்.

இப்போது என் தவறு. நீங்கள் மறுத்த பிறகு அப்பா என்னை வேறு இரண்டு கடைகளுக்கு அனுப்பினார். நானும் போனேன். ஒரு கடையில் எங்கள் டீச்சருக்கு என்று பொய் சொன்னேன். பெட்டிக்குள் இருந்த தாளை வழக்கம்போல் வரி விடாமல் படித்தேன். இரண்டு மாத்திரைக்கு நடுவே மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது, வாய் மரத்திருக்கும்போது சூடாக எதுவும் குடிக்கக் கூடாது, சின்னக் குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. அப்பாவின் சட்டைப்பையில் ஒரே நாளில் பத்தொன்பது மாத்திரைக் காகிதங்களை எண்ணியவளும் நான்தான். படித்ததும் எண்ணியதும் உங்கள் சீட்டும் என்னோடேயே இருந்தன. யாரிடமும் வாய் திறக்கவில்லை. அப்பாவுக்குக் கோபம் வருமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மூன்றாவது நடைமேடைக்கு மேலே இருக்கும் கண்ணாடி அறையில் அவர் அறிவித்துக்கொண்டிருந்தார். சொற்கள் குழறின. மூன்றில் நிற்கும் பஸ்ஸை ஐந்தில் என்று சொல்லிவிட்டார். மூட்டை முடிச்சுகளோடு ஒரு கூட்டமே ஐந்தை நோக்கி ஓடியது. அதைப் பார்த்துப் பதறித் திருத்தப்போனார். பாதி வாக்கியத்தில் குரல் நின்றது. அப்புறம் ஒலிபெருக்கியில் வந்த சத்தத்தை என்னால் எழுத முடியவில்லை. வாயிலிருந்த மாத்திரை இருமலோடு உள்ளே இழுபட்டு அடைத்துக்கொண்டது.

நான் டப்பாவைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் நடைமேடை பெருக்கும் பெரியம்மா விளக்குமாற்றோடு படியேறிவிட்டார். மைக் அணையவில்லை. "குனி தம்பி! வெக்கப்படாம நல்லாக் குனி!" என்று அவர் அதட்டியதும், முதுகில் விழுந்த அடிகளும் நிலையம் முழுக்கக் கேட்டன. ஐந்தாவது அடியில் மாத்திரை தெறித்துக் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. அப்பா மூச்சை இழுத்த சத்தம் கேட்டதும் கீழே எல்லோரும் கை தட்டினார்கள். 

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மார்பைப் படம் எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை. பிறகு நான் பள்ளிப் பையிலிருந்த வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்து உங்கள் சீட்டை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினேன். 'இரண்டு மாதமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். வறட்டு இருமல் அதற்குப் பிறகுதான் வந்தது. அதனால் இருக்குமா என்று டாக்டரைக் கேட்கவும். தானாக நிறுத்தக் கூடாது.' நான்கே வரிகள். பிரஷர் மாத்திரையையும் உங்களிடம்தானே வாங்கிக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா இரண்டு முறை படித்தார். "இதை எழுதினது யாரு? சரியாப் பிடிச்சிருக்காங்க. இந்த மாத்திரை சில பேருக்கு இப்படி இருமலைக் கிளப்பும். நீங்க சப்பினதெல்லாம் அதை மூடித்தான் வெச்சுது" என்றார். அப்பா சட்டைப்பையில் மிச்சமிருந்த தொண்டை மாத்திரைகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

டாக்டரம்மா வேறு பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இருமல் ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் அப்பா இரவில் தூங்கத் தொடங்கினார். பிறகு அம்மாவோடு சண்டை போடத் தொடங்கினார். அப்போதே குணமாகிவிட்டது என்று அம்மா சொன்னார். மூன்றாவது வாரக் கடைசியில் பதினேழு ஊர்ப் பெயர்களை இருமாமல் வாசித்து முடித்தார். இயந்திரம் பெட்டியைவிட்டு இறங்கவே இல்லை. அதன்மேல் அதிகாரி டீ கிளாஸ் வைக்கிறார்.

அக்கா, அப்பாவை வேலைக்கும் வீட்டுக்கும் திருப்பித் தந்தவர்கள் நீங்களும் அந்தப் பெரியம்மாவும்தான். பெரியம்மாவுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். உங்களைப்போல் மருந்து படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்கு முன்னால், படித்ததை வாய்விட்டுச் சொல்லவும் பழகிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கடைகளில் வாங்கியதற்கும் பொய் சொன்னதற்கும் என்னை மன்னித்துவிடுங்கள்.

இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குத் தெரியும். கடைசியில் தானும் இரண்டு வரி எழுதுவதாகப் பேனாவை வாங்கினார். நாள் முழுக்கப் பேசியே பிழைக்கிறவர், அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து மூன்று தாள்களைக் கிழித்தார். அப்புறம் "தபால் தலை சரியா ஒட்டு, தொலைஞ்சு போயிரப் போகுது" என்று சொல்லிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். இன்னும் அங்கேதான் நிற்கிறார்.

உங்களுக்கு மனவருத்தம் தீர்ந்திருந்தால் ஒரு வரி பதில் எழுதுங்கள், அக்கா. நலம் என்று மட்டும் எழுதினாலும் போதும். ஆனால் உறையின்மேல் என் பெயரை எழுத வேண்டாம். அப்பாவின் பெயரையே எழுதுங்கள், அவரே பிரித்துப் படிக்கட்டும்.

என்றும் நன்றி மறவாத,
உங்கள் தங்கை