மூடி கிடைத்துவிட்டது, தாரணி

என் தாரணிக் கண்ணு,

உன் பச்சைப் பேனாவுக்கு மூடி கிடைத்துவிட்டது. நிறம்தான் சேரவில்லை. இது கறுப்பு. நீ பார்த்திருந்தால், "ஏனுங்க, பட்டு வேட்டி கட்டீட்டு ஹெல்மெட் போட்ட மாதிரி இருக்குதுங்க" என்றிருப்பாய்.

பழைய மூடி ஆஸ்பத்திரியில் தொலைந்தது. ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடச் சொல்லி நர்ஸ் ஒரு பால்பாயிண்ட் பேனாவை நீட்டினார். நீதான் பிடிவாதமாக உன் பையிலிருந்து இதை எடுத்துத் தரச் சொன்னாய். இடது கைக்காரி நீ. எழுதிய எழுத்தின் மேலேயே கை நகரும். உள்ளங்கை ஓரத்தில் எப்போதும் மை இருக்கும். அன்றைக்கும் ஒட்டியது. உன்னைக் குளிப்பாட்டியபோதுகூட அந்த நீலம் முழுக்கப் போகவில்லை என்று உன் அம்மா சொன்னார். மூடி எங்கே விழுந்ததோ தெரியாது. என் கையில் பேனா மட்டும்தான் திரும்பி வந்தது.

என்னைப் பற்றிக் கேட்பாய். வேலைக்குப் போகிறேன். பம்ப் டிராயிங் போடுகிறேன். அளவு எதுவும் தப்புவதில்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். 'தேறிட்டான்' என்று பேசிக்கொள்கிறார்கள். உன் காரியம் முடிகிறவரைக்கும் எனக்கு அழுகை வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. அதை யாரிடம் சொல்வது?

எங்கள் கம்பெனி லேத்தில் இருக்கும் செந்தில் பேனாவைப் பார்த்துவிட்டு, "மூடிதானுங்க? டீ குடிச்சுட்டு வாங்க, அதுக்குள்ள கடைஞ்சு குடுத்தர்றேன்" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடைந்து வாங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வேன்?

டவுன்ஹால் பக்கத்துச் சந்துகளில் பழைய சாமான் கடை ஒவ்வொன்றாக நாம் ஏறி இறங்கிய ஞாயிறுகள்தான் ஞாபகம் வருகிறது. நிப்பு டப்பா, மை ஊற்றும் கண்ணாடிக் குழாய், கிளிப், கைப்பிடி வைத்த மையொற்றி எல்லாம் தேடி நீ தரையில் உட்கார்ந்து தோண்டுவாய். நான் மரை அளக்கும் வெர்னியரை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். "பாய், எங்க இஞ்சினியருக்கு ஒரு ஸ்டூல் போடுங்க. அளந்து முடிக்கறதுக்குள்ள பொழுது உழுந்துரும்" என்று கடைக்காரர் யூசுப் பாயிடம் சொல்லிச் சிரிப்பாய். பாயும் சேர்ந்துகொண்டு சிரிப்பார். கடைசியில் ரேட்டுக்காக இரண்டு பேரும் சண்டை போடுவீர்கள். ஜெயிப்பது எப்போதும் நீதான்.

நீ போன பிறகு அவர் கடைக்கு முதல் தடவை தனியாகப் போனேன். பேனாவைக் காட்டி மூடி வேண்டும் என்றேன். கையால் செய்த பேனா, ஒன்றின் திருகு மரை இன்னொன்றுக்குச் சேராது, தேடிப் பார்க்கலாம் என்றார். அப்புறம் என் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, ஊட்டுக்காரம்மா வரலீங்களா?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சத்திக்குப் போயிருக்கறாங்க, பாய்" என்று வந்தது.

அதைப் பொய் என்று சொல்லிவிட முடியுமா, தாரணி? சத்தியமங்கலத்தில், உன் அம்மா வீட்டுக்குக் கீழே ஓடும் பவானியில்தானே உன்னைக் கரைத்தோம்?

அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி, அதே பதில். போகப் போக, எப்போது வருவாய் என்று அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். "நல்லா இருக்கறாங்களா? சாப்புடறாங்களா?" என்று மட்டும் கேட்பார். கேட்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அது எதற்கு என்று நான் யோசிக்கவே இல்லை. தலையை ஆட்டிவிட்டு டப்பாவில் மூடிகளைத் தேடுவேன்.

போன வாரம் அவரே போன் செய்தார். "தம்பி, சிக்கீருச்சுங்க. வாங்க சீக்கிரம்."

போனேன். கறுப்பு மூடி. அளக்க வெர்னியரை எடுத்தேன். "அதெல்லாம் வேண்டாமுங்க, போட்டுப் பாருங்க" என்றார். நீ செய்வதுபோல முதலில் கழற்றுகிற பக்கமாகச் சுற்றினேன். 'டக்' என்று மரை உட்கார்ந்தது. அப்புறம் மூடுகிற பக்கமாகச் சுற்றினேன். ஏறிவிட்டது. ஏறாமல் போயிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

பணம் எடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார். மேசைக்குக் கீழிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். மரக் கிலுகிலுப்பை. சிவப்பும் மஞ்சளுமாகப் பழைய சாயம். புதிதாக எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்.

"இது எதுக்குங்க பாய்?"

"அட, எங்கிட்டயே மறைக்கறீங்களே! கட்டுன புள்ள இத்தன மாசம் அம்மா ஊட்டுல இருந்தா எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்களா? கண்ணு பட்டுருமுன்னு சொல்லாம இருக்கறீங்க, செரி. பையனுங்களா, புள்ளைங்களா? அத மட்டும் சொல்லீருங்க."

அவர்மேல் தப்பே இல்லை. மாதக்கணக்கில் தாய்வீட்டில் இருக்கும் பெண்ணைப் பற்றி நம் ஊரில் வேறு என்ன நினைப்பார்கள்?

'பையன்' என்று சொல்லிவிடலாம்போல இருந்தது. ஒரு நொடி அவன் இருந்தான், தாரணி. சொல்லியிருந்தால் அடுத்த ஞாயிறு அவனுக்குப் பேர் வைத்திருக்க வேண்டும். அதற்கடுத்து அவன் தவழ்ந்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே நாம் பேசி வைத்திருந்தோம்?

"பாய், தாரணி செத்துப்போயிட்டா."

நீ போன அன்றைக்கு எல்லோருக்கும் போன் செய்து சொன்னது உன் அண்ணன். ஆபீசில் சொன்னது செந்தில். என் வாயால் நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

பாய் "இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். நீ எனக்காகப் போடச் சொல்வாயே, அதே ஸ்டூல். "தெரியாமக் கேட்டுப்போட்டேனே, கண்ணு" என்றார். இதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கிலுகிலுப்பையை என் கண்ணில் படாமல் உள்ளே வைக்கப் பார்த்தார். எடுத்த வேகத்தில் அது சத்தம் போட்டது. சட்டென்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அப்படியும் உள்ளே மணி உருண்டது.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நின்றபடியே அழுதேன். யாரோ ஒருவர் படியேறி வந்தார். "இப்ப கடை இல்லீங்க, அப்பறம் வாங்க" என்று பாய் அனுப்பிவிட்டார். வெகுநேரம் கழித்து, "இனி ரேட்டுக்கு எங்கூட யாருங்க சண்டை போடுவா?" என்றார். நீ இருந்தால் அதற்கும் ஏதாவது பதில் சொல்லியிருப்பாய்.

இந்தக் கடிதத்தை அந்தப் பேனாவில்தான் எழுதுகிறேன். உன் கைச் சாய்வுக்குத் தேய்ந்த நிப்பு, என் வலது கையில் முரண்டு பிடிக்கிறது. காகிதம் கீறுகிறது. ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. கையெழுத்துப் போட்டபோது மூடி உன் கையில் இருந்ததா, என் கையில் இருந்ததா?

வருகிற ஞாயிறு உக்கடம் போகிறேன். அங்கே நாம் போகும் பழைய சாமான் கடைக்காரரும் உன்னைக் கேட்பார். ஊருக்குப் போயிருக்கிறாய் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். உன் பேரைச் சொல்லி, நடந்ததைச் சொல்வேன். அப்புறம் தரையில் உட்கார்ந்து, நீ தேடிக்கொண்டிருந்த மையொற்றியை நானே தோண்டிப் பார்ப்பேன்.

உன் ஊட்டுக்காரன்,
பிரபு