மலை இல்லாத பக்கம்

ஜூலை 8, செவ்வாய். தென்காசி

விடிந்ததிலிருந்து சாரல். வேனின் கூரையில் ஒழுக்கு. பசை பூசியாயிற்று, நிற்குமா தெரியாது.

ஏற்றியவை: அடுப்பு, சின்ன சிலிண்டர், தோசைக்கல், குடம் இரண்டு, செண்பகத்தின் மாத்திரை டப்பா, பி.பி. மெஷின், கழிவறை நாற்காலி, நைட்டி ஐந்து. மறந்தது: தீப்பெட்டி. அளக்கும் டேப் மட்டும் தானாக வந்து ஏறியிருக்கிறது. முப்பத்தொரு வருஷம் சர்வேயர் வேலை பார்த்த கை.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி குடையோடு வந்து நின்றார். "பக்கவாதம் வந்த பொண்டாட்டிய வேன்ல போட்டுட்டு ஊரு சுத்தப் போறீராவே? ஒமக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சா?"

சிரித்து வைத்தேன். காரணத்தை அவரிடம் சொல்ல முடியுமா.

காரணம், இங்கே மட்டும்: மூன்று மாதமாகச் செண்பகம் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நெல்லை ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டு அங்கேயே கிடந்தேன். அவள் சுவர்ப் பக்கமே திரும்பியிருந்தாள். கூப்பிட்டால் சுவரைப் பார்த்து "ம்". வீட்டுக்கு வந்தும் அதேதான். காரில் கூட்டி வந்த அன்று மட்டும், ஆலங்குளம் தாண்டும்போது, முன் சீட்டிலிருந்து என்னை நேராகப் பார்த்து, "இளச்சிட்டீங்களே" என்றாள். ஸ்டியரிங் ஆடிவிட்டது எனக்கு.

வண்டியில் பார்க்கிறாள், வீட்டில் பார்ப்பதில்லை. அப்படியானால் வண்டியிலேயே இருந்துவிட்டுப் போகிறோம். பழைய வேன் ஒன்றை வாங்கிக் கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைக்கச் சொன்னது அதற்காகத்தான். ஊர் சுற்றிக் காட்டச் சொல்லி அவள் கேட்டு இருபது வருஷம் ஆகிறது. ரிட்டயர் ஆகட்டும் என்றேன். ஆகியும் நாலு வருஷம்.

ஜூலை 9, புதன். குற்றாலம்

ஐந்தருவிக்குப் போகிற வழியில் வேனை நிறுத்தினோம். தண்ணீர் நல்ல வரத்து, கூட்டமும் அப்படியே. பி.பி. 140/90.

கேரவன் என்றால் சினிமாக்காரர் என்று ஜனங்களுக்கு நினைப்பு. ஈரத் துண்டோடு ஏழெட்டுப் பேர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"ஷூட்டிங் எங்கன அண்ணாச்சி?"

"உள்ள யாரு, ஹீரோயினா?"

செ. உள்ளிருந்தபடி, "ஆமா, நாந்தான்னு சொல்லுங்க" என்றாள். வாய் ஒரு பக்கம் இழுக்கச் சிரித்தாள். முன் சீட்டில் இருந்தாள், நான் ஸ்டியரிங்கில். என்னைப் பார்த்தேதான் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இன்னும் நாலு வேன் வாங்கலாம்.

பிறகு கவனித்தேன். பவுடர் முகத்தில் பாதிக்குத்தான் இருக்கிறது. தலையும் ஒரு பக்கம் வாரி, மறு பக்கம் வாராமல். சொன்னேன். "எல்லாம் பூசியாச்சு" என்று கோபம்.

சாப்பாட்டிலும் இந்தக் கூத்துதான். தோசையில் சரிபாதி தின்றுவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். "போதுமா?" "தீந்துபோச்சுல்லா." தட்டில் பாதித் தோசை கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டே என்னிடம் பொய். அதிர்ந்துபோனேன். நான் சுட்டது என்பதால் தொண்டையில் இறங்கவில்லை போலிருக்கிறது. மீதியைக் குரங்கு கொண்டுபோனது. அதற்குப் பிடித்திருந்தது.

மதியம் சென்னையிலிருந்து மகள் கோமதி போன். "டிஸ்சார்ஜ் பேப்பர போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா. இங்க ஒரு டாக்டர்ட்ட காட்டணும்." கேட்பது நாலாம் தடவை. தென்காசியில் பீரோவில் இருக்கிறது என்றேன். பொய். இந்த நோட்டின் அட்டைக்குள்தான் இருக்கிறது.

அதில் மூன்றாம் வரி: லெஃப்ட் நெக்லெக்ட்.

சர்வீஸில் ஒருமுறை 'நெக்லெக்ட் ஆஃப் டியூட்டி' என்று மெமோ வாங்கியவன் நான். அந்த வார்த்தை என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அன்று காலை செ. கை மரத்துப் போகிறது என்றாள். வாய்வு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஆலங்குளத்தில் ஒருவருக்கு இடம் அளக்கப் போய்விட்டேன். ஒரு மணிக்குத் திரும்பினால் அடுக்களையில் கிடக்கிறாள். லெஃப்ட், விட்டுப் போனான்; நெக்லெக்ட், கவனிக்கவில்லை. இரண்டே வார்த்தையில் எழுதிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் ஏதேதோ விளக்கினார். அந்த வரியைப் பார்த்த பிறகு ஒன்றும் காதில் ஏறவில்லை.

பிசியோதெரபிக்குப் போனாலும் அந்தத் தாளைக் கேட்டார்கள். அதனால்தான் செங்கோட்டையில் எண்ணெய் தேய்த்து நீவும் உழிச்சலோடு நிறுத்திக்கொண்டேன். செ.க்கும் அந்தக் காலை நினைவிருக்கும். இல்லாவிட்டால் ஏன் பார்க்காமல் இருக்கிறாள்.

ஜூலை 10, வியாழன். புளியங்குடி வரை

எழுத்து கோணல்.

சிவகிரியில் இருக்கும் செ.யின் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டோம். மழை விட்டுப் பளிச்சென்று வெயில். கடையநல்லூர் தாண்டியதும் கேட்டாள்.

"இஞ்சேருங்க, மலை எங்க?"

விளையாட்டு என்று நினைத்தேன். ரோட்டுக்கு மேற்கே மேகம் இறங்கி மொத்த மலையும் நிற்கிறது. அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை.

"அங்கன பாரு."

"எங்கன? வயக்காடுதான் தெரியுது. மலையக் காணோமே."

நாலு தடவை கேட்டாள். ஐந்தாம் தடவை குரல் உடைந்துவிட்டது. இவள் புத்தியும் போய்விட்டது, நான் போக்கடித்துவிட்டேன் என்று தோன்றிற்று. இவளை இந்த நிலையில் அக்காவிடம் கொண்டுபோய் நிறுத்தத் தைரியம் இல்லை. புளியங்குடியில் வேனைத் திருப்பிவிட்டேன்.

திருப்பி ஒரு கிலோமீட்டர் வந்திருக்காது.

"அன்னா நிக்குல்லா. இவ்வளவு நேரம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

ஓரம் கட்டினேன். மறுபடி வடக்கே திருப்பினேன். மலை இல்லை என்றாள். தெற்கே திருப்பினேன். இருக்கிறது என்றாள். மூன்று தடவை. எலுமிச்சை மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர், "வழி தெரியலயாவே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மலை இடத்தை விட்டு அசையவில்லை. வலது பக்கம் வந்தால் இருக்கிறது, இடது பக்கம் போனால் இல்லை. இப்படி ஓர் எல்லையை நான் அளந்ததே இல்லை.

குற்றாலம் வந்ததும் அந்தத் தாளைப் படம் எடுத்து, தட்டு, பவுடர், மலை எல்லாவற்றையும் எழுதிக் கோமதிக்கு அனுப்பிவிட்டேன். அப்பன் செய்தது தெரிந்தால் தெரியட்டும். எனக்கு இப்போது இவள் புத்திதான் முக்கியம்.

சிலிண்டர் மாற்ற வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி. பழைய குற்றாலம்

காலை பத்து மணிக்குக் கோமதி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள். திட்டப் போகிறாள் என்று வேனை விட்டுத் தள்ளிப்போய் நின்றேன்.

"அப்பா, இத ஏம்ப்பா இவ்வளவு நாளும் அனுப்பல? அம்மாவுக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கதே மூளைக்குத் தெரியலயாம். கண்ணு நல்லாத்தான் இருக்காம். புத்தியும் நல்லாத்தான் இருக்காம். பாதித் தட்டு, பாதி முகம், மலை எல்லாம் அதுனாலதானாம்."

"லெஃப்ட்டுன்னா?"

"லெஃப்ட்டுன்னா இடதுப்பா. நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

அவளே மேலே சொன்னாள்: பிசியோவுக்கு உடனே போக வேண்டும். இனி எப்போதும் இடது பக்கமிருந்து கூப்பிட வேண்டும், தொட வேண்டும். அம்மாவாகத் திரும்பிப் பார்க்கப் பழக வேண்டும். மூன்று மாதம் வீணாகியிருக்கிறது.

மூன்று மாதம். அன்று காலை போனதைவிட இதுதான் பெரிய நெக்லெக்ட். யாரும் மெமோ கொடுக்கமாட்டார்கள்.

ஈர பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், வேட்டி நனைந்தது பிறகுதான் தெரிந்தது. நோட்டை எடுத்து ஆஸ்பத்திரி அறையை வரைந்து பார்த்தேன். கட்டில். அவளுக்கு வலது பக்கம் சுவர். இடது பக்கம் நாற்காலி. வீட்டு அறையையும் வரைந்தேன். வலது பக்கம் சுவர், இடது பக்கம் நான். கார், வேன்: வலது பக்கம் ஸ்டியரிங், அங்கே நான்.

நாலு படத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபம் என்று ஒன்று அவளிடம் இருக்கவே இல்லையா.

மதியம் தோசைத் தட்டைப் பாதியில் அரைவட்டம் திருப்பி வைத்தேன். "இன்னொண்ணு வச்சீங்களா?" என்று தின்றாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

ஜூலை 12, சனி. அங்கேயே

மழை இல்லை, காற்று. பி.பி. 130/80.

செ.யை முன் சீட்டில் உட்கார்த்திவிட்டு, வேனைச் சுற்றி வந்து அவள் இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். இரண்டு அடி தூரம்கூட இல்லை.

"செண்பகம்."

காலியான டிரைவர் சீட்டைப் பார்த்து, "என்ன?" என்றாள்.

என் முகம் அவளுக்குத் தெரியாத தைரியத்தில் முதலில் அதைச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு உன்னைய விட்டுட்டு ஆலங்குளம் போயிருக்கக் கூடாது."

"நீங்க என்ன டாக்டரா?" சீட்டைப் பார்த்தே சொன்னாள். "வாய்வுன்னு நானுந்தான் நெனச்சேன்."

மூன்று மாதமாகத் தூக்கிச் சுமந்தது இவ்வளவுதானா என்று அப்படியே நின்றேன். அவள் மேலும் சொன்னாள், அதே சீட்டிடம்:

"அது இல்ல. ஆசுபத்திரியில ஒரு நாளு கூட நீங்க வந்து பக்கத்துல உக்காரலியே. அதத்தான் தாங்க முடியல. சத்தம் மட்டும் கேக்கும். வாசலோட போயிருதீங்கன்னு நெனச்சிக்கிடுவேன். வீட்டுலயும் அப்படித்தான். முடியாமக் கெடக்கவளப் பாக்கப் பிடிக்கலியோன்னு."

பத்தொன்பது நாள். நாற்காலி. மடியில் கிடந்த இடது கையைப் பிடித்தேன். அமுக்கினேன். மறுபடி கூப்பிட்டேன். இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது.

முகம் மெல்லத் திரும்பியது. ஸ்டியரிங், கண்ணாடி, அதில் ஒட்டிய பிள்ளையார், அதோடு நின்றுவிட்டது. கையை இன்னும் அமுக்கினேன். கதவு விளிம்பு, என் சட்டைப் பொத்தான், பிறகு முகம்.

நெடுநேரம் பார்த்தாள்.

"எப்பம் வந்தீங்க?" என்றாள்.